என் பெயரில் எழுதப்பட்ட 3 ஆண்டு அனுபவம்: கன்சல்டிங்கில் டேட்டா இன்ஜினியராகச் சேர இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

படிப்பை முடித்ததும் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் (பிற நிறுவனங்களின், அதாவது கிளையன்ட்களின், வேலையைத் தன் ஆட்களை வைத்துச் செய்து கொடுக்கும் நிறுவனம்) டேட்டா இன்ஜினியராக (தரவை எடுத்துச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் நிரல்களை எழுதுபவராக) சேர்ந்து, 11 மாதங்களில் அங்கிருந்து வெளியேறினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே எனக்கு நேர்ந்தது, இப்போது கையில் ஆஃபர் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்கும் நேரக்கூடாது என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நேர்காணலில் எனக்குச் சொல்லப்பட்டவை மூன்று: முதலில் 8 வாரப் பயிற்சி, அதன் பிறகு அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் ஓராண்டு வேலை, அதற்குப் பின்பே தனிப் பொறுப்பு. இவற்றில் ஒன்றுகூட ஆஃபர் கடிதத்தில் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அதில் தெளிவாக இருந்தது. அந்தச் செலவு எவ்வளவு, எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்காமலேயே கையெழுத்திட்டேன். முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் கேட்கத் தோன்றவில்லை.

பயிற்சி தொடங்கிய இரண்டாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திரையில் காட்டப்பட்ட பைத்தான் நிரலில் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறியே இல்லை. அது பைத்தான் 2-இன் எழுத்துமுறை, அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பெரிய அளவிலான தரவைக் கையாளும் மென்பொருளான ஸ்பார்க்கின் வகுப்புகளில் பெரும்பகுதி, அதன் பழைய, அடிமட்ட முறையான ஆர்டிடி-யிலேயே கழிந்தது. அன்றாட வேலையில் எல்லோரும் பயன்படுத்தும், தரவை அட்டவணையாகக் கையாளும் டேட்டாஃப்ரேம் 2015-லேயே ஸ்பார்க்கில் வந்துவிட்டபோதிலும், அதற்கு ஒதுக்கப்பட்டது கடைசி இரண்டு நாட்கள் மட்டுமே. ஸ்பார்க், வேலைகளைக் குறித்த நேரத்தில் வரிசையாக ஓட்டும் ஏர்ஃப்ளோ இரண்டும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருட்கள் என்பதையும், அவற்றின் ஆவணங்கள் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் இருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பின்னாளில் என்னிடம் பணம் கேட்கப்பட்டது இந்தப் பயிற்சிக்காகத்தான்.

பயிற்சி முடிந்த மறுவாரம் கிளையன்ட்டுடன் ஒரு வீடியோ அழைப்பு. அறிமுகக் கூட்டம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அழைப்பின் நடுவே கிளையன்ட் தரப்பு மேலாளர் என் ரெஸ்யூமேயைத் திரையில் பகிர்ந்தார். மேலே என் பெயர், என் படம். அதன் கீழே 3 ஆண்டு அனுபவம் என்றும், நான் கேள்விப்பட்டே இராத ஒரு புராஜெக்டை நான் நடத்தியதாகவும் எழுதியிருந்தது. அந்த புராஜெக்டில் தாமதமாக வந்து சேரும் தரவை எப்படிக் கையாண்டீர்கள் என்று அவர் கேட்டார். என் லீடு (எங்கள் குழுத் தலைவர்) உடனே சாட்டில், ‘பொதுவாகப் பதில் சொல்லுங்கள், நிறுத்தாதீர்கள்’ என்று அனுப்பினார். நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அந்த ரெஸ்யூமே என்னுடையதல்ல என்று அந்த இடத்திலேயே சொல்லாமல் விட்டது என் தவறு. அதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கன்சல்டிங் நிறுவனங்கள் பெரும்பாலும் ஆளின் அனுபவ நிலைக்கு ஏற்ற விலையில் மணிக்கணக்காகவோ நாள்கணக்காகவோ கிளையன்ட்டிடம் பில் போடுகின்றன. புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவர் நிறுவனத்துக்குச் செலவு; புதியவர் குறைந்த வரவு; புதியவரை அனுபவசாலியாகக் காட்டினால் செலவு அதேதான், வரவு மட்டும் கூடும். அந்த வித்தியாசத்தின் சுமை முழுவதும் அந்தப் புதியவரின் தலையில் விழுகிறது, ஏனென்றால் கிளையன்ட் அவரிடம் எதிர்பார்ப்பது 3 ஆண்டு அனுபவத்தின் தரத்தை.

அந்தச் சுமை என்மீது விழுந்தது நான்காம் மாதத்தில். விற்பனைத் தரவைத் தினமும் இரவில் மூல டேட்டாபேஸிலிருந்து எடுத்து வேர்ஹவுஸில் (அறிக்கைகளுக்காகத் தரவைச் சேர்த்து வைக்கும் இடத்தில்) சேர்க்கும் பைப்லைனை நான் தனியாக எழுதியிருந்தேன். தரவைத் தொகுதி தொகுதியாக எடுத்து, ஏற்கெனவே இருக்கும் டேபிளின் முடிவில் சேர்த்துக்கொண்டே போகும்படி, அதாவது அப்பெண்ட் முறையில், அது அமைந்திருந்தது. ஓர் இரவில் பாதித் தொகுதிகள் எழுதப்பட்ட நிலையில் இணைப்பு அறுந்தது. ஏர்ஃப்ளோ, நான் அமைத்திருந்தபடியே, சிறிது நேரம் கழித்து அந்த டாஸ்கை மீண்டும் முதலிலிருந்து ஓட்டியது. முதல் முயற்சியில் எழுதப்பட்ட பாதி அப்படியே இருக்க, அதன்மேல் முழுத் தரவும் மறுபடி எழுதப்பட்டது. டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. காலையில் அறிக்கையில் விற்பனை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

ஒரு டாஸ்கை எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம். மறுமுறை ஓடக்கூடிய டாஸ்கில் இன்சர்ட் (புதிய பதிவாகச் சேர்ப்பது) பயன்படுத்தினால் பதிவுகள் இரட்டிக்கலாம், அப்சர்ட் (ஏற்கெனவே இருந்தால் திருத்தி, இல்லையென்றால் மட்டும் சேர்ப்பது) பயன்படுத்துங்கள் என்று ஏர்ஃப்ளோவின் ஆவணத்திலேயே இருக்கிறது. டேபிளில் அந்த நாளுக்குரிய பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, முழுமையாக மாற்றி எழுதியிருந்தாலும் போதும். என் நிரலை அனுபவமுள்ள ஒருவர் பத்து நிமிடம் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார். என் புராஜெக்டின் ஒப்பந்தத்தில் ஒரு சீனியரின் பெயர் இருந்தது. அவர் அதே நேரத்தில் வேறு 3 புராஜெக்டுகளிலும் இருந்தார், என் நிரலை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. கிளையன்ட்டுக்கு அனுப்பிய விளக்கக் கடிதத்தில் காரணமாக எழுதப்பட்டதோ என் பெயர் மட்டும்.

வேலை நேரத்தைப் பதியும் டைம்ஷீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் 11, 12 மணி நேரம் உழைத்தேன். அதில் 8 மணி நேரத்துக்கு மேல் எழுதக்கூடாது, மீதியெல்லாம் உங்கள் சொந்தக் கற்றல் என்றார்கள்.

நான் விலகல் கடிதம் கொடுத்தபோது பயிற்சிச் செலவு என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அதன் பிரிப்புக் கணக்கை மின்னஞ்சலில் மூன்று முறை கேட்டேன், வரவில்லை. பாதியைக் கட்டிய பிறகே அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்தது. இத்தகைய நிபந்தனைகள் சட்டப்படி எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். கட்டுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். நான் கட்டிய பிறகே காட்டினேன்.

கன்சல்டிங் முழுவதுமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பல துறைகளின் தரவைக் குறுகிய காலத்தில் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது, நேர்மையாக நடத்தும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றை அடையாளம் காண நேர்காணலிலேயே கேளுங்கள்: முதல் 6 மாதங்களில் என் நிரலை யார் ரிவ்யூ செய்வார், அவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் இந்த புராஜெக்டில் இருப்பார், கிளையன்ட்டுக்கு அனுப்பும் என் ரெஸ்யூமேயை அனுப்பும் முன் எனக்குக் காட்டுவீர்களா, பெஞ்சில் இருக்கும்போது சம்பளம் குறையுமா. பதில்களை நன்றி சொல்லும் மின்னஞ்சலில் நீங்களே எழுதி அனுப்பி, இவை சரிதானே என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். ரெஸ்யூமேயைப் பற்றிய கேள்விக்கு மட்டும் மழுப்பலான பதில் வந்தால், என் அனுபவத்தில், அங்கே சேராமல் இருப்பதே நல்லது. நீங்கள் கொடுத்த ரெஸ்யூமேயின் பிரதியைத் தேதியோடு உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள்.

என் ரெஸ்யூமேயில் இப்போது அந்த வேலைக்கு 11 மாதங்கள் என்றே எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் இப்போதைய நிறுவனம் என்னை ஜூனியராக எடுத்தது. இங்கே நான் எழுதிய முதல் பைப்லைனுக்கு ரிவ்யூவில் 23 குறிப்புகள் வந்தன. அவற்றில் ஐந்தாவது, ‘இது பாதியில் நின்று மறுபடி ஓடினால் என்ன ஆகும்?’ என்பது.