காயலான் கடை ஜாக்கியில் செய்த வைஸ்: பதினோரு மாத அனுபவம்

முதலில் என் முட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பலகையை இறுக்கிப் பிடிக்கிற ஒரு வைஸுக்கு இவ்வளவு மெனக்கெடலா என்றுதான் தோன்றும். கடலூரில் நான் பார்த்த ஆசாரிகள் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள். பலகையைக் கால் கட்டைவிரலாலும் குதிகாலாலும் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் உளிக்கும் கொட்டாப்புளிக்கும் விட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும்.

பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31ஆம் தேதி விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வீட்டுக்குப் போனோம். இரண்டே மாதத்தில் ஊரடங்கு. மாடி ஷெட்டில் கிடந்த அப்பாவின் இழைப்புளியை அப்போதுதான் கையில் எடுத்தேன். இன்றுவரை அரிவாள்மணைப் பலகை, முக்காலி, அஞ்சறைப்பெட்டி, ஒரு முழு கொலுப்படி எல்லாம் செய்திருக்கிறேன். எல்லாமே நின்றபடி. அதற்கு மேசை வேண்டும், மேசையில் ஆசாரியின் கால் செய்கிற வேலையைச் செய்ய வைஸ் வேண்டும்.

2023இல் ஆன்லைனில் 3,950 ரூபாய்க்கு ஏழு அங்குல வைஸ் ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம், அதே வார்ப்பில் பத்துப் பெயரில் விற்கிறது. மேசை விளிம்பில் மாட்டுகிற மாதிரி, வார்ப்பிரும்பு, நடுவில் திருகு, இரண்டு பக்கமும் ஓடுகிற கம்பி. அந்தக் கம்பிகள் என் சுண்டுவிரல் பருமன்தான் இருந்தன. பலகையை நடுவில் செங்குத்தாக வைக்க முடியாது, திருகும் கம்பியும் வழிமறிக்கும். ஓரத்தில் வைத்து இறுக்கினால் பலகையைக் கவ்வுகிற தாடை கோணிக்கொள்ளும்: ஒரு பக்கம் கடிக்கும், மறுபக்கம் இளிக்கும். அதே பருமனில் ஒரு கட்டையை மறு ஓரத்தில் சொருகினால் சரியாகும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டையைத் தேடுவதுதான் பாதி வேலை.

நாலாவது மாதம் ஒரு நாள் மாலை, வேப்பம்பலகையில் துளை பொளிவதற்காகக் கொஞ்சம் அழுத்தி இறுக்கினேன். 'டக்'. திருகைப் பிடித்திருந்த காது உடைந்து கையோடு வந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதிலும் காற்றுக் குமிழி விழுந்த வார்ப்பு என்றால் கேட்கவே வேண்டாம். விற்றவர்களைக் கூப்பிட்டேன். திருப்பி அனுப்பும் தேதி போய்விட்டது என்று மூன்று பேர் மூன்று மொழியில் சொன்னார்கள்.

பாண்டி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கிறதே, அங்கே பழைய சீமை வைஸ் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு வாரம் போய்ப் பார்த்தேன். கண்ணில் பட்டதெல்லாம் ஃபிட்டர் வைஸ். அதன் தாடையில் பல் இருக்கும், மேசைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். இரும்புக்குச் சரி. மரத்தைக் கடித்துத் தழும்பாக்கிவிடும்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். கடையில் கிடைக்கிற முழுநீள மரை போட்ட கம்பியைத்தான் முதலில் யோசித்தேன். இருபது மில்லிமீட்டர் கம்பியில் ஒரு சுற்றுக்கு இரண்டரை மில்லிதான் நகரும். நாலு அங்குலம் திறக்க நாற்பது சுற்று! போதாததற்கு அந்த மரை கூர்மையானது. போல்ட் இறுகி நிற்பதற்காக ஏற்பட்டது, தினமும் நூறு தடவை பளு தூக்கி ஓடுவதற்கு இல்லை.

பதில் எதிர்வீட்டு மாடியில் இருந்தது. கான்கிரீட் போட சென்ட்ரிங் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு முட்டுக்கும் மேலே ஒரு ஜாக்கி: தடித்த கம்பி, அகலமான உருண்டை மரை, இரண்டு காது வைத்த நட். அத்தனை டன் ஈர கான்கிரீட்டைத் தாங்குகிற சாமான் என் பலகையைப் பிடிக்காதா?

லாரன்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு காயலான் கடையில் எடைக்கு வாங்கினேன். 5 கிலோ 200 கிராம், 310 ரூபாய். 32 மில்லி உருட்டுக் கம்பி, இரண்டடி நீளம். மரை முழுக்கக் காய்ந்த சிமெண்ட். மண்ணெண்ணெயில் ஊறவைத்து கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஒரு மத்தியானம் ஆனது. அளந்தால் பத்து மரை அறுபது மில்லி. ஒரு சுற்றுக்கு ஆறு மில்லி, அதாவது நாலு அங்குலத்துக்குப் பதினேழு சுற்று. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மரை கழண்டவங்களுக்கு மரை மேலதான் ஆசை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இந்த வருஷத்தில் வந்த ஒரே நல்ல ஜோக் அது.

வடிவத்துக்குக் கால் வைஸைத் தேர்ந்தெடுத்தேன். பிரான்சுப் பக்கத்துப் பழைய தச்சு மேசைகளில் இந்த வகை உண்டு. மேசைக் காலுக்கு முன்னால் தரையிலிருந்து மேசை மட்டம் வரை ஒரு தடித்த பலகை நிற்கும், அதுதான் தாடை. மேலே திருகு. கீழே தாடையோடு கழுந்து வைத்து இணைத்த ஒரு சட்டம் மேசைக் காலின் துளைக்குள் போய்வரும். அந்தச் சட்டத்தில் வரிசையாக ஓட்டைகள், ஒன்றில் ஒரு ஆணி. பிடிக்கப்போகிற பலகையின் பருமனைவிடத் துளி அதிகமான தூரத்தில் இருக்கிற ஓட்டையில் ஆணியைக் குத்தினால் தாடையின் கீழ்ப்பக்கம் அங்கேயே நின்றுவிடும், மேல்நுனி உள்ளே சாய்ந்து கடிக்கும். நெம்புகோல்தான், வேறு மாயம் இல்லை.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். என் மேசை உயரம் 31 அங்குலம், கீழே ஆணி 4 அங்குலத்தில். பெரிய பலகையும் செங்குத்தாக இறங்கட்டும் என்று திருகைத் தாழ்த்தி 14 அங்குலத்தில் ஓட்டை போட்டுவிட்டேன். ஆணியிலிருந்து திருகுக்கு 10, ஆணியிலிருந்து மேல்நுனிக்கு 27. அப்படியானால் திருகில் நான் கொடுக்கிற பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் பலகைக்குப் போய்ச் சேரும். இழைப்புளி ஓட்டினால் பலகை வழுக்கியது. அந்த ஓட்டையைப் பூவரசங்கட்டையால் அடைத்துவிட்டு 22 அங்குலத்தில் புதிதாகப் போட்டேன். இப்போது 18க்கு 27, மூன்றில் இரண்டு பங்கு. திருகுக்கு மேலே ஒன்பது அங்குல ஆழம்தான் கிடைக்கிறது, என் வேலைக்கு அது போதும். அடைத்த வட்டம் மேசைக் காலில் பொட்டு மாதிரி தெரிகிறது.

தாடைக்குப் பலா. பண்ருட்டியில் அம்மா வீட்டுக் கொல்லையில் நின்ற மரம், 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் விழுந்தது. அன்றைக்கு அந்தப் பக்கம் பலாவும் முந்திரியுமாகச் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறுத்த பலகைகள் பத்து வருஷத்துக்கு மேல் பரணில் காய்ந்தன. எட்டு அங்குல அகலம், இரண்டு அங்குலப் பருமன். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் என்பதால் அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். இழைத்தபோது மஞ்சள்கிழங்கு மாதிரி இருந்தது. இப்போது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது.

அடுத்தது லேத். ஓ.டி.யில், அதாவது கடலூர் ஓல்டு டவுனில், துறைமுகம் போகிற வழியில் ஒரு சின்னப் பட்டறை. படகு ஷாஃப்ட் கடைவதுதான் அங்கே முக்கிய வேலை. நான் போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் ரிப்பேருக்கு நிற்கும், லேத்துக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று வாரம் இழுத்தார். "அக்கா, போட்டு கடலுக்குப் போவணும், உங்க மேசை எங்கயும் போவாது" என்றார். நியாயம்தான்.

ஆனால் வேலை என்று எடுத்த பிறகு சுத்தம். வார்ப்பு நட்டைத் தகட்டில் வெல்டிங் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். வேண்டாம், ஆறும்போது விரிசல் விடும் என்றார். நான் விடாமல் கேட்டதால் ஒரு பக்கம் வைத்துக் காட்டினார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். டீ வருவதற்குள் 'டிக்' என்று முடி மாதிரி ஒரு கோடு ஓடியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேசைக் காலின் பின்பக்கம் நட்டின் வடிவத்துக்குப் பள்ளம் பொளிந்து, நட்டை அதில் உட்கார வைத்து, மேலே தகடு போட்டு நாலு போல்ட்டால் இறுக்கச் சொன்னார். அப்படித்தான் செய்தேன், இன்றுவரை அசையவில்லை.

அவர் செய்த இன்னொன்றுதான் இந்த வைஸின் உயிர். திருகைத் தளர்த்தினால் திருகு மட்டும் வெளியே வரும், தாடை அங்கேயே நின்றுவிடும், கையால் இழுக்க வேண்டியிருக்கும். அதற்காகத் தாடையின் உள்முகத்துக்கு நேராகக் கம்பியில் ஆறு மில்லி அகலத்துக்கு ஒரு பள்ளம் கடைந்தார். ஐந்து மில்லி தகட்டை இரண்டு பாதியாக அறுத்து, நடுவில் அரைவட்டம் வெட்டி, பள்ளத்தைக் கவ்வுகிற மாதிரி தாடையில் பதித்துத் திருகாணி போட்டேன். இப்போது திருகு போனால் தாடையும் பின்னாலேயே போகிறது. தாடை சாயும் என்பதால் அதிலுள்ள ஓட்டையை மட்டும் மேலும் கீழுமாக நீட்டி முட்டை வடிவில் வைத்தேன். வட்டமாக விட்டால் திருகு முறுக்கிக்கொள்ளும்.

கணக்கு: ஜாக்கி 310, லேத் 950, தகடும் போல்ட்டும் 280, ஆணிக்குப் பன்னிரண்டு மில்லி கம்பி 40, கைப்பிடி ரப்பர் 60. மொத்தம் 1,640. மரம் என்னுடையது, தாடைக்கு ஒட்டிய தோல் பழைய ஆபீஸ் கைப்பை. ரப்பர் என்றது மருந்துக்கடையில் ஊன்றுகோல் நுனிக்கு விற்கிற குமிழ். மரக் கைப்பிடியின் இரண்டு நுனியிலும் மாட்டினால் 'டொக்' என்று விழுகிற சத்தமும் இல்லை, விரல் நசுங்குவதும் இல்லை.

பிடிப்பைப் பற்றி ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். கட்டில் கால் ஒன்றைச் சரிசெய்ய வந்த ஆசாரி அண்ணன் இதைப் பார்த்து, "எதுக்கும்மா இவ்ளோ இரும்பு, கால் இருக்கே" என்றார். நான் ஒரு வேங்கைப் பலகையைச் செங்குத்தாக வைத்து, கைப்பிடியை ஒரே கையால் அரைச்சுற்று இறுக்கி, "ஆட்டிப் பாருங்க" என்றேன். ஆட்டினார், மேசைதான் ஆடியது. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் கட்டில் காலைக் கொண்டுவந்து அதில் மாட்டினார். நின்றபடி உளி அடிக்க அவருக்கு வசப்படவில்லை, பத்து நிமிஷத்தில் தரைக்கே போய்விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குறைகள் உண்டு. பருமன் மாறும்போதெல்லாம் குனிந்து ஆணியை மாற்ற வேண்டும். முட்டிக்காகச் செய்த வைஸ் இடுப்பைக் கேட்கிறது. ஒரே பருமன் பலகைகளை மொத்தமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகிக்கொண்டேன். ஜாக்கி மரையில் ஆட்டம் அதிகம், திசை மாறும்போது கால் சுற்று வெறுமனே சுற்றும். ஆனால் அந்த இடைவெளியால்தான் மரத்தூள் விழுந்தாலும் சிக்குவதில்லை. பலகையை ஒரு ஓரமாகப் பிடித்தால் இதிலும் லேசாகக் கோணும், பழையதைப் போல இளிக்காது.

துருதான் பெரிய தலைவலி. தேவனாம்பட்டினம் கடற்கரை வண்டியில் பத்து நிமிஷம். ஐப்பசி மழையில் இரண்டே நாளில் கடைந்த இடமெல்லாம் சிவப்பு. எண்ணெய் போட்டேன், மரத்தூளோடு சேர்ந்து களியாகிவிட்டது. இப்போது மாதம் ஒரு தடவை பிரஷ்ஷால் தேய்த்து மெழுகுவர்த்தியை உரசி விடுகிறேன். அதுவே போதுமாக இருக்கிறது.

தரையில் உட்கார முடிகிறவர்களும், நாலு ஆணி அடிக்கத்தான் மேசை என்பவர்களும் இதற்கு இறங்க வேண்டாம். மற்றவர்கள் ஜாக்கி வாங்கும்போது நட்டைக் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பாருங்கள். வளைந்த கம்பி என்றால் பாதியில் நின்றுவிடும். லேத்துக்குத் தடைக்காலம் முடிந்தபின் போங்கள், போகும்போது தாடைப் பலகையையும் கையோடு கொண்டுபோங்கள். பள்ளம் எங்கே விழ வேண்டும் என்று அதை வைத்துத்தான் குறிப்பார்கள். நான் வீட்டில் வைத்துவிட்டுப் போய், அந்தப் பலகையோடு மறுபடி ஓ.டி. பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.