ஸ்நோடன் ஏறும் குழுவுக்கு எந்தப் பாதை: லான்பெரிஸா, மைனர்ஸ்–பிக் சுற்றா, ரீட் தீயா?

ஸ்நோடன் வேல்ஸின் மிக உயர்ந்த சிகரம், 1085 மீட்டர். வெல்ஷ் மொழியில் அர் வித்வா. தேசியப் பூங்கா நிர்வாகம் 2022 இறுதியில் இந்தப் பெயருக்கே மாறிவிட்டது, அதனால் புதிய பலகைகளில் இதைத்தான் பார்ப்பீர்கள். உச்சிக்கு முக்கியப் பாதைகள் ஆறு இருக்கின்றன. தனியாகப் போகிறவர் அழகைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இருபது பேரைக் கூட்டிப்போகும் நடைக் குழு வேறு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: முடியாதவர் எங்கே நின்றுகொள்ளலாம், அவர் பத்திரமாகக் கீழே வர வழி உண்டா, வண்டியை எங்கே விடுவது. இந்தக் கணக்கில் பெரும்பாலான குழுக்களுக்குப் பொருந்துவது மைனர்ஸ் டிராக்கில் ஏறி, பிக் டிராக்கில் இறங்கும் சுற்றுதான்.

வழக்கமாக எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், பிக்கில் ஏறி மைனர்ஸில் இறங்குவார்கள். நான்கைந்து பேர் ஒரே வேகத்தில் நடப்பவர்களாக இருந்தால் அதில் தவறில்லை. கலவையான குழுவுக்கு அது சரிவராது. இரண்டு பாதைகளும் பென்-அ-பாஸ் என்ற கணவாயில், 359 மீட்டர் உயரத்தில் தொடங்குகின்றன. பிக் முதல் அடியிலிருந்தே கரடுமுரடான கல்படிகள். அங்கே ஒருவருக்கு முழங்கால் வலித்தால் அதே படிகளில்தான் திரும்பி வர வேண்டும். கூட யாராவது போகவும் வேண்டும். மைனர்ஸ் அப்படியில்லை. பழைய செம்புச் சுரங்கத்துக்குப் போட்ட பாதை அது. லின் லிடா ஏரி வரை வண்டி போகும் அகலத்தில், ஏற்றமே தெரியாமல் போகும். அதைத் தாண்டி ஒரு மிதமான ஏற்றம், பிறகு 600 மீட்டர் உயரத்தில் கிளாஸ்லின் ஏரி. செம்பு கலந்ததால் நீலப்பச்சை நிறத்தில் இருக்கும் தண்ணீர், அதற்கு நேர் மேலே சிகரம். இதோடு திரும்புகிறவர்களுக்கும் அன்றைய நாள் நிறைவானதே.

ஆகவே முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் குழு முழுவதும் ஒன்றாக நடக்கலாம். கிளாஸ்லின் கரையில் சாப்பிட்டுவிட்டு இரண்டாகப் பிரியுங்கள். தலைமை தாங்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே போகிறவர்களோடு, இன்னொருவர் மேலே போகிறவர்களோடு. மேலே போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் அவர்களுக்கும் இரண்டு தலைவர்கள் தேவை. கடைசியில் வருபவர் குழுவிலேயே அனுபவசாலியாக இருக்கட்டும். முன்னால் போகிறவர் வழி தவறினால் திரும்பி வந்துவிடுவார், பின்னால் ஒருவர் தனித்துவிட்டால் அது யாருக்கும் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கிளாஸ்லினிலிருந்து பிக் டிராக்கோடு சேரும் இடம் வரையிலான பகுதி செங்குத்து, காலடியில் சரளைக்கல் உருளும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். களைத்த காலோடு இறங்கும்போதுதான் வழுக்கி விழுவார்கள், மேலிருந்து கல் தள்ளிவிட்டுக் கீழே வருபவர் மேல் விழச் செய்வார்கள். இறங்கும் பிக்கிலும் கல்படிகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் அசையாது. நடைக்கோல் இரண்டு இருந்தால் முழங்கால் தப்பும்.

பிக்கில் ஏறுகிறவர்கள் வழி தவறும் இடம் புல்க்-அ-மோக். அங்கே வலப்பக்கம் பிரிந்து மேலேறும் தடம் கிரிப் கோக் என்ற கத்திமுனை முகட்டுக்குப் போகிறது. இருபுறமும் பாதாளம், கையும் காலும் வைத்து ஏற வேண்டிய இடம். மேகம் மூடிய நாளில் முன்னே போகிறவரைப் பார்த்தே நடந்து அங்கே போய்ச் சிக்கிக்கொள்பவர்களை மீட்பது மீட்புக் குழுவுக்குப் பழகிப்போன வேலை.

லான்பெரிஸ் பாதையை மலைக்காரர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். அது நியாயமில்லை. ஊரிலேயே தொடங்குவதால் கழிப்பறை, கடை, பெரிய பார்க்கிங் எல்லாம் இருக்கிறது, பேருந்தில் வரும் குழுவுக்கு இது பெரிய வசதி. பாதை தெளிவானது, பெரும்பகுதி உச்சிக்குப் போகும் மலை ரயிலின் தடத்தை ஒட்டியே போகும். குறை அதன் நீளம்: போய்வர 14.5 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 975 மீட்டர். தொடக்கத்திலேயே ஊருக்குள் ஒரு செங்குத்தான தார்ச்சாலை வரும். உற்சாகத்தில் அதை வேகமாக ஏறிவிட்டுப் பாதி வழியில் சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. தலைவர் அங்கே வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும்.

1896-இல் தொடங்கிய அந்த ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். உச்சியிலிருந்து கீழே வர அதில் இருக்கை கிடைக்கும் என்று உறுதியில்லை. ரயில் உச்சிவரை ஓடாத மாதங்களில் உச்சியில் உள்ள ஹஃபோட் எரரி என்ற பார்வையாளர் கட்டடமும் மூடியிருக்கும், ஒதுங்கவும் இடமில்லை. பனிக்காலத்தில் இந்த ‘சுலபமான’ பாதையே ஆபத்தானது. வழியில் உள்ள கிளாக்வின் ரயில் நிலையத்துக்கு மேலே பனி மூடித் தடம் மறைந்துவிடும். கீழே போகப்போகச் செங்குத்தாகும் சரிவு அது. வழுக்கினால் நிற்காது. ஐஸ் கோடரியும் காலணிமுட்களும் இல்லாமல், அவற்றைப் பயன்படுத்தத் தெரியாமல், அங்கே போகக் கூடாது. பிக் மேல்பகுதியின் வளைவுகளுக்கும் இதே விதிதான்.

ரீட் தீ மேற்குப் பக்கம். போய்வர சுமார் 12 கிலோமீட்டர், ஏற்றம் 895 மீட்டர், கூட்டம் மிகக் குறைவு. பார்க்கிங் ரீட் தீ ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது (இது உச்சிக்குப் போகும் ரயில் அல்ல). ஏழெட்டுப் பேர் கொண்ட, ஒரே தகுதியுள்ள குழுவுக்கு மூன்றிலும் இனிமையான பாதை இதுதான். உச்சிக்கு முன்னால் வரும் புல்க் மைன் மட்டும் குறுகலான முகடு, பலத்த காற்றில் அங்கே நடக்க முடியாது.

நேரத்தை எல்லோரும் நெய்ஸ்மித் விதிப்படி போடுவார்கள்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அதன்படி லான்பெரிஸ் நான்கரை மணி நேரம், மைனர்ஸ்–பிக் சுற்று மூன்றே முக்கால்கூட ஆகாது. நடப்பில் குழுவுக்கு இரண்டுமே ஆறு, ஏழு மணி நேரம். கல்படிகளில் வேகம் பாதியாகிவிடுவது விதியில் இல்லை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம்.

பென்-அ-பாஸ் பார்க்கிங்கை சீசனில் முன்பதிவு செய்ய வேண்டும், இருபது பேரின் கார்களுக்கு அங்கே இடம் கிடைக்காது. கணவாய்க்குக் கீழே உள்ள நான்ட் பெரிஸ் என்ற ஊரில் வண்டிகளை விட்டுவிட்டு, மலையைச் சுற்றி ஓடும் ஷெர்பா பேருந்தில் ஏறுவதே வழி. பேருந்து நிரம்பியிருந்தால் குழு இரண்டு தடவையாகத்தான் போய்ச் சேரும், ஆகவே புறப்படும் நேரத்தில் அரை மணி கூட்டிப் போடுங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தைத் தலைவர்கள் அனைவரும் கையில் எழுதி வைத்திருக்க வேண்டும். கிளாஸ்லினில் பிரியும்போது, எந்த நேரமானால் எங்கிருந்தாலும் திரும்புவது என்பதை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.