பூமாவா, கிரிஸ்லி கரடியா: எதிரே வந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில், பூமா என்னும் பெரிய காட்டுப்பூனை, கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடி இரண்டும் உண்டு. எதைக் கண்டாலும் ஓடாதீர்கள். ஓட்டம் துரத்தலைத் தூண்டும்.

கிரிஸ்லி பெரும்பாலும் குட்டியையோ இரையையோ காக்கவே பாய்கிறது. மெல்லப் பேசியபடி பின்வாங்குங்கள். அப்படித் தற்காப்புக்காக மேலே விழுந்து தாக்கினால், குப்புறப் படுத்து, கைகளால் பிடரியை மூடி அசையாமல் கிடப்பதே நல்லது.

பூமாவிடம் அப்படிக் கிடப்பது உயிருக்கே உலை வைக்கும். அது பதுங்கி வந்து கழுத்தைக் கவ்வும் விலங்கு. கண்ணை எடுக்காதீர்கள். சட்டையை அகல விரித்து, உரக்கக் கத்துங்கள். குழந்தை உடனிருந்தால், கூடியவரை குனியாமல் தூக்கிக்கொள்ளுங்கள். நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். குனிந்த மனிதன் அதற்கு நாலுகால் இரைபோலத் தெரியலாம். பாய்ந்துவிட்டால் கல்லோ கழியோ, கிடைத்ததை எடுத்துத் திருப்பி அடியுங்கள்.

கரடி ஸ்பிரே, அதாவது விலங்கின் முகத்தில் அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான், இரண்டுக்கும் உதவும். பைக்குள் அல்ல, இடுப்பில் இருக்கட்டும்.