எஸ்டீமுக்கு நானே கட்டிய ஏர் இன்டேக்: நாலு வருஷம், 41,000 கிலோமீட்டர்

ஏர் இன்டேக் என்றால் இன்ஜினுக்குக் காற்றை வடிகட்டிக் கொண்டுபோகும் ஃபில்டரும் குழாயும்தான். முதல் தடவை கட்டியது மூணு வாரம்தான் தாங்கியது. பிளம்பிங் கடையில் வாங்கிய ரெண்டரை இன்ச் பிவிசி குழாய், ரெண்டு எல்போ (வளைவு), நுனியில் கூம்பு வடிவத்தில் ஒரு கோன் ஃபில்டர். பானெட்டைத் திறந்து பார்க்க என்னமோ ரேஸ் வண்டி மாதிரி இருந்தது. சத்தமும் அப்படித்தான். ஒரு மத்தியானம் வெயிலில் கோவை காந்திபுரம் டிராஃபிக்கில் நின்றுவிட்டு வந்து பார்த்தால், ரேடியேட்டர் பக்கம் இருந்த எல்போ மெழுகு போலத் தொங்குகிறது. பிவிசி 80 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

வண்டி 2004 மாடல் மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு, 85 பிஎச்பி. இந்த ஜி13பிபி இன்ஜின்தான் ஜிப்ஸியிலும், 2005ல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் இருந்தது. அதனால் சாமான் பஞ்சமில்லை. இதில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் கிடையாது. காற்றழுத்தத்தைச் சொல்லும் மேப் சென்சாரையும் காற்றின் சூட்டைச் சொல்லும் சென்சாரையும் வைத்துத்தான் இசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பெட்ரோலை அளந்து விடும். குழாயை மாற்றினாலும் கணக்கு பெரிதாகத் தப்பாது என்ற தைரியத்தில் இறங்கினேன்.

ஆனால் அந்தச் சூட்டு சென்சாரை எங்கே சொருகுவது என்று தெரியாமல் கேபிள் டை போட்டுப் பக்கத்தில் கட்டிவிட்டேன். இன்ஜின் மேல் அடிக்கும் அனலை அது அளந்தது. உள்ளே போன காற்றோ அதைவிடக் குளிர்ச்சி. காற்று லேசாக இருக்கிறது என்று நம்பிய இசியூ பெட்ரோலைக் குறைக்க, மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் டக டகவென்று தட்டும் சத்தம், நாக்கிங். குழாயில் துளை போட்டு, ரப்பர் குரோமெட் வைத்து, சென்சாரை உள்ளே இறக்கிய அன்றைக்கே அது நின்றது. இன்ஜினிலிருந்து ஆயில் புகையை வெளியே விடும் பிரீதர் ஹோஸையும் இதேபோல் சும்மா தொங்கவிட்டிருந்தேன். சிக்னலில் நின்றால் காருக்குள் ஆயில் வாடை. வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டே வருவாள். அதையும் குழாயிலேயே சேர்த்தாயிற்று.

பிவிசி போய் அலுமினியம் வந்தது. கணபதியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து, சிலிக்கான் ஹோஸ் போட்டு, செலவு 3,800 ரூபாய். அப்போதும் கோன் இன்ஜின் பக்கத்திலேயேதான் இருந்தது. மீன் தொட்டிக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் வயரை ஃபில்டர் வாயில் ஒட்டி, திரையை டாஷ்போர்டில் வைத்து ஓட்டினேன். வெளியே 33 டிகிரி, ஃபில்டர் வாயில் 58. வண்டியோடு வந்த ஃபில்டர் பெட்டியை, அதாவது கம்பெனிப் பெட்டியைத் திரும்ப மாட்டிப் பார்த்தால் அதே ரோட்டில் 41தான். 33க்கும் 58க்கும் நடுவே காற்றின் அடர்த்தி ஏழு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. நீலாம்பூர் பைபாஸில் மூணாவது கியரில் 60லிருந்து 100 போக, கம்பெனிப் பெட்டியில் 8.9 செகண்ட், என் பளபளப்பான குழாயில் 9.1. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட கதை.

என் மெக்கானிக் அண்ணன் பானெட்டுக்குள் ஒரு நிமிஷம் பார்த்தார். "ஏனுங் தம்பி, அடுப்புக்கிட்ட மூக்க வெச்சா மூச்சு நல்லா வருமாங்?" என்றார்.

சரி என்று ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கினேன். காற்று நல்ல குளிர்ச்சி, 36க்கு மேல் ஏறவில்லை. வண்டி இழுத்ததும் நன்றாக இருந்தது. ஐப்பசி மழையில் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அதை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். வண்டியைத் திருப்பி, ஊரைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். அந்த வாரமே அதைக் கழற்றினேன்.

இப்போது இருப்பது நாலாவது. கோன் மறுபடி மேலே வந்தது, ஆனால் தகரப் பெட்டிக்குள். பெட்டியின் விளிம்பில் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங், பானெட்டை மூடினால் அழுந்தி அடைத்துக்கொள்ளும். ஹெட்லைட்டுக்குப் பின்னால், பம்பருக்கு மேல் உயரத்திலிருந்து மூணு இன்ச் ஹோஸ் காற்றைக் கொண்டுவருகிறது. ஓடும்போது 37, 38 டிகிரி. 60-100 இப்போது 8.6 செகண்ட். மைலேஜ் முன்னே 14, இப்போதும் 14. 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே முன்பு இருந்த இழுவை கொஞ்சம் குறைந்துதான் போயிருக்கிறது. கம்பெனிக்காரன் காற்றுக் குழாயில் வைத்த ரெசொனேட்டர் என்ற காலி டப்பா சும்மா சத்தத்தை அடக்க மட்டும் என்று நினைத்துத் தூக்கிப்போட்டதற்குத் தண்டனை.

தூசி விஷயம் தனி. ஆயில் பூசிய காட்டன் ஃபில்டரைக் கழுவி, நிழலில் முழுசாகக் காயவைத்து, அளவாக ஆயில் விட வேண்டும். 12,000 கிலோமீட்டரில் குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே துடைத்தேன். துணியில் செம்மண் கோடு. ஃபில்டர் மேல் சந்தேகப்பட்டேன். பார்த்தால் ஃபில்டர் கழுத்தில் இருந்த ஹோஸ் கிளிப் அரைச் சுற்று லூஸ். அந்த இடைவெளி வழியாக வடிகட்டாத காற்று ஜாலியாக உள்ளே போயிருக்கிறது. அதற்கப்புறம் போல்ட் போட்டு இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் மாற்றினேன். போன மாசம் துடைத்த துணி வெள்ளையாகவே வந்தது.

தெர்மாமீட்டர், தகரம், தூக்கிப்போட்ட பிவிசி எல்லாம் சேர்த்து மொத்தம் 9,000 ரூபாய் ஆகியிருக்கும். வேகத்துக்காக என்றால் யாரையும் செய்யச் சொல்ல மாட்டேன், 0.3 செகண்டுக்கு இந்தப் பாடு வேண்டாம். நாலாயிரம் ஆர்பிஎம்மில் வரும் அந்த உறுமலுக்காக என்றால், முதலில் 250 ரூபாய் தெர்மாமீட்டரை வாங்கிக் கம்பெனிப் பெட்டியை அளந்து பாருங்கள். பெட்டியைக் கழற்றினால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். என்னுடையது பரணில் இருக்கிறது, ரெண்டு தடவை இறங்கி வந்துவிட்டது.