ஒரு மணி நேரம் கொட்டும் மழை, 12 மணி நேரத் தூறல்

சேர்வராயன் மலையில் 60 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். மண் மணிக்கு 15 மி.மீ. உறிஞ்சும் என்றால், ஒரே மணி நேரத்தில் கொட்டும்போது 45 மி.மீ. வழிந்தோடும். அது திருமணிமுத்தாற்றில் இறங்கினால் சேலத்துக்குள்தான் வரும். 12 மணி நேரம் நசநசவென்று தூறினால் மணிக்கு 5 மி.மீ.தான், காபித் தோட்டத்து மண்ணே குடித்துவிடும். நாள்கணக்கில் நீடித்தால் மண் நிரம்பிவிடும், அப்புறம் தூறலும் ஓடும்.

மண் வகை, நிலப் பயன்பாட்டுக்கு ஒரு எண் கொடுத்து வழிந்தோடும் நீரைக் கணிக்கும் கர்வ் நம்பர் முறை, மழையில் மொத்த அளவை மட்டுமே பார்ப்பதால் இரண்டுக்கும் ஒரே வழிந்தோடும் அளவைத் தரும். சாக்கடை அகலத்தை முடிவு செய்ய அது போதாது. மழையின் வேகத்தை, அதாவது மணிக்கு எத்தனை மி.மீ. என்பதை, கணக்கில் எடுக்கும் ரேஷனல் முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. அதிலும், நீர்ப்பிடிப்புப் பகுதியின் கடைக்கோடித் தண்ணீர் சாக்கடைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரம் பெய்யும் மழையின் சராசரி வேகத்தையே போட வேண்டும்.