ஹெட் வேலைக்கு 7,400 ரூபாய் வாங்கிக்கொண்டு பழைய கேஸ்கட்டையே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்

கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுடையது ஐந்து ஹெச்.பி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின். ஊர் டெல்டாவின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 அன்றே திறந்துவிட்டாலும் வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலை எட்டும்வரை குறுவை நாற்றங்காலுக்கு இந்த இன்ஜின்தான் கதி. இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடக்கிறோம், அது தனிக் கதை. இன்ஜினில் இழுவை குறைந்து, ஹேண்டில் போட்டால் கம்ப்ரஷனே (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தமே) இல்லாமல் லேசாகச் சுற்றியது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டும் கீழே இருக்கும் பிளாக்கும் சேரும் இடத்தில் கரி கசிந்த தடம். இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று தெரிந்துதான் கொண்டுபோனேன்.

கடைத்தெருவில் பெரிய போர்டு போட்ட இன்ஜின் பட்டறை. முதலாளியே ஹெட்டைக் கழற்றினார். துடைத்து, அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஸ்கேலுக்கு அடியில் நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. "பாருங்கள் அண்ணே, ஹெட் வளைந்திருக்கிறது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவிச் சமமாக்கி ஃபேசிங் போடாமல் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது" என்றார். புது கேஸ்கட் செட்டின் உறையைப் பிரித்து மேசையில் வைத்தும் காட்டினார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வேலை தெரியாதவனிடம் மாட்டியிருந்தால்கூட மனது ஆறும். ஃபேசிங் 1,800, கேஸ்கட் செட் 1,400, வால்வு வேலை 1,200, கூலி 3,000. ஆக 7,400 ரூபாய். பேரம்கூடப் பேசவில்லை, கொடுத்தேன்.

பட்டறையில் சும்மா ஓட்டிக் காட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. வயலில் பம்ப்பை மாட்டி லோடு ஏறியதும் குட்டு உடைந்தது. இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வரும் தண்ணீர், குழாயில் விட்டுவிட்டுத் துப்பியது. குழாயின் நுனியை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தேன். இன்ஜின் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கொத்துக் குமிழி வந்தது. உடையும்போது புகை வாடை. சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நிறுத்திவிட்டு ஆயில் குச்சியை உருவினால், ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது.

போன் செய்தேன். "புது கேஸ்கட் அண்ணே, செட்டாகக் கொஞ்சம் ஓட வேண்டும்." ஆயிலில் தண்ணீரோடு எப்படி ஓட்டுவது? பேரிங் போய்விடும். மறுபடி கேட்டால், "உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு." நேரில் போனேன். "பையன் டைட் வைத்ததில் ஏதோ குறை, நாளைக்கு ஆளை அனுப்புகிறேன்." ஆள் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையன்தான் போனை எடுக்கிறான். முதலாளி எப்போதும் வெளியூரிலேயே இருக்கிறார்.

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து என் கண் முன்னால் ஹெட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது என் பழைய கேஸ்கட்! இரண்டு பக்கமும் சிலிக்கான் பசையை அப்பியிருக்கிறார்கள். பிதுங்கிய பசை தண்ணீர்த் துளை ஒன்றைப் பாதி அடைத்திருந்தது. சிலிண்டர் வாயிலிருந்து அந்தத் துளை வரை கரிக்கோடு ஓடியது. ஃபேசிங் போட்டிருந்தால் ஹெட்டின் முகம் முழுக்க ஒரே சீராகப் புதுச் சுரண்டல் தெரிய வேண்டும். இதிலோ பழைய துருக்குழிகள் அப்படியே இருந்தன. லேத் பக்கமே போகாத ஹெட்டுக்கு 1,800 ரூபாய்! ஒருமுறை நசுங்கிய கேஸ்கட் மறுபடி பிடிக்காது என்பதும், டீசல் எரியும் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் பசை நிற்காது என்பதும் தொழில் கற்ற அன்றே தெரியும். தெரிந்தே செய்திருக்கிறார்கள். 7,400 ரூபாய் போய், ஆயில் செலவு தனி, இரண்டாவது மெக்கானிக்குக் கூலி தனி.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது நேரமில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். ஹெட்டை லேத்துக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். பழைய கேஸ்கட்டைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், பட்டறையில் விடாதீர்கள். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து முறுக்குகிறார்களா என்று நின்று பாருங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கமாக முறுக்கினால் தடுத்துவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் லோடில் ஓட்டச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாவதற்குள் ஹெட் இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், நுரை கிளம்பினால் வெளியே கசிகிறது. உள்ளே கசிகிறதா என்பதற்கு வாளியும் குழாயும் போதும். போனில் பணம் அனுப்பினால் எந்தெந்த வேலைக்கு என்று அதிலேயே எழுதிவிடுங்கள். நான் அனுப்பியதில் "ஹெட் ஃபேசிங், கேஸ்கட்" என்று இருக்கிறது, நுகர்வோர் ஆணையத்தில் அதை வைத்துத்தான் கேட்கப்போகிறேன்.