நார்த் தேய்ப்பா, சுண்ணாம்பா, பொறியா? அராபிகா காப்பியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கு எது முதலில்

சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் அராபிகா காப்பிச் செடியைச் சாகடிப்பது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற இந்த வண்டுதான். மற்றொரு காப்பி வகையான ரொபஸ்டாவில் இது பெரும்பாலும் பிழைக்காது. ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் என இரண்டு பருவங்களில் வெளிவந்து, வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்னும், பிறகு கட்டைக்குள் இறங்கும். போகும் வழியைத் தன் எச்சத்தாலேயே இறுக அடைத்துவிடுவதால், அதன் பின் எந்த மருந்தும் எட்டாது. கீழ்வரும் மூன்றுமே புழு கட்டைக்குள் போவதற்கு முன்பு செய்யும் வேலைகள்.

தேங்காய் நாராலோ நார்க் கையுறையாலோ தண்டையும் தடித்த கிளைகளையும் தேய்த்து, உதிரும் பட்டையை எடுத்துவிட்டால் முட்டையிட இடமே இருக்காது. இட்ட முட்டையும் போய்விடும். பழைய, சொரசொரத்த செடிகளுக்கு இதற்கு ஈடு இல்லை. கூலி அதிகம் என்பது உண்மைதான். ஆனால் வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கத்தியைக் கொடுத்தால் பச்சைப் பட்டை காயப்பட்டு, பூச்சிக்குத் தப்பிய செடி நம் கையால் நலியும்.

சுண்ணாம்பு 10 சதவீதக் கரைசல்: 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ. வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்ளும். இலையில் அடித்துப் பயனில்லை, தண்டு முழுக்கச் சுற்றிலும் நனைய வேண்டும். ஆள் குறைவான தோட்டத்துக்கு இதுவே கைகொடுக்கும். கோடைப் பருவத்தில் நன்றாக நிற்கும். நம் மலைகளில் அக்டோபர் பருவம் வடகிழக்கு மழையோடு சேர்ந்தே வருவதால் கரைந்து வழிந்துவிடும். அந்தப் பருவத்தில் தேய்ப்பை நம்புவதே சரி.

இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 10 வைக்கலாம். ஆண் வண்டின் வாசனைக்குப் பெண் வண்டு வரும். ஆனால் விழுவது ஏற்கெனவே வெளிவந்த வண்டு மட்டுமே. பொறியை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. மற்ற இரண்டுக்கும் துணையாக வைத்தால் வண்டு எப்போது பறக்கிறது என்றாவது தெரியும்.

எதைத் தேர்ந்தாலும், மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. காப்பித் தண்டைத் துளைக்கும் மற்றொரு பூச்சியான சிவப்புத் துளைப்பானைப் போல இது எச்சத்தை வெளியே தள்ளாது. அதனால் கீழே தரையைப் பார்த்துப் பயனில்லை. தண்டில் வரிவரியாக மேடு தட்டியிருக்கிறதா, இலை மஞ்சளித்து வாடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் தரையை ஒட்டிய கழுத்துப் பகுதியில் வெட்டுங்கள். புழு வேர் வரை போயிருந்தால் பிடுங்கி எரித்துவிடுங்கள். விறகுக்கென்று அடுக்கி வைத்தால் அதிலிருந்தே வண்டு வெளிவரும். விறகு வேண்டியே தீரும் என்றால் 7 முதல் 10 நாள் தண்ணீரில் மூழ்க வைத்து எடுங்கள்.

நிழலைத் திறந்துவிட்ட தோட்டத்தில் இத்தனை செய்தும் பாதிதான் பலிக்கும். வண்டு பறக்கும் பருவத்தை ஒட்டி நிழல் மரத்தைக் கவாத்து செய்யாதீர்கள். ஏற்கெனவே வெயில் விழும் இடைவெளிகளில் புதிய நிழல் மரம் நடுங்கள்.